மாதவிடாய் வலியை விதியென ஒதுக்கிவிட முடியாது

பெண் பிள்ளையொன்று பருவமடைவது எமது சமூகங்களில் மறைக்கப்படும் செய்தியல்ல. தமிழர் இல்லங்களில் அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் எடுத்து, உற்றார் உறவினரை அழைத்துச் சாமத்தியச் சடங்கு நடத்தப்படுகின்றது. முஸ்லிம் இல்லங்களில் பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்பதோடு, தொழுகையும் நோன்பும் அவள் மீது கடமையாகிவிட்டன என்பதும் எடுத்துச் சொல்லப்படுகின்றது. இவ்வாறு முதல் மாதவிடாய்க்கு இத்தனை முக்கியத்துவம் அளிக்கும் நாம், அதன் பின்னர் மாதந்தோறும் அப்பிள்ளை அனுபவிக்கும் வலியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பெண்ணாகப் பிறந்தால் இவையெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்ற ஒற்றை வார்த்தையுடன் அந்த விடயம் முடிக்கப்பட்டு விடுகின்றது.

மாதவிடாய்க் காலத்தில் அடிவயிற்றில் ஓரளவு நோவு ஏற்படுவது இயல்பானதே. சற்று ஓய்வுடனோ சாதாரண வலிநிவாரணி ஒன்றுடனோ அது தணிந்துவிடும். ஆனால், பாடசாலைக்கோ வேலைக்கோ செல்ல முடியாமல் படுக்கையில் சுருண்டு கிடக்கும் அளவுக்கு, வாந்தியும் மயக்கமும் ஏற்படும் அளவுக்கு, மலசலம் கழிக்கும்போது துடிக்க வைக்கும் அளவுக்கு வலி மாதந்தோறும் வருமாயின் அது இயல்பானதல்ல. அதன் பின்னணியில் இருக்கக்கூடிய நோய்களுள் முக்கியமானது எண்டோமெற்றியோசிஸ் ஆகும். கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் அகப்படலத்தை ஒத்த இழையம், கருப்பைக்கு வெளியே சூலகங்களிலும், வயிற்றறையின் உட்சுவரிலும், சில வேளைகளில் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் வளர்வதையே மருத்துவ உலகம் இப்பெயரால் அழைக்கின்றது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 190 மில்லியன் பேர், உலகெங்கும் இந்நோயுடன் வாழ்கின்றனர். பத்துப் பெண்களில் ஒருவர் என்றால், இந்நோய் எட்டிப் பார்க்காத தெருவோ தொழிற்சாலையோ உலகில் இருக்க முடியாது. அவ்வாறிருந்தும், நீரிழிவு என்றோ ஆஸ்துமா என்றோ கூறினால் உடனே புரிந்துகொள்ளும் எம்மவரில் எத்தனை பேர் எண்டோமெற்றியோசிஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பர் என்பது சந்தேகத்திற்குரியதே.

அறியாமை எம்மவருக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இலவச தேசிய சுகாதார சேவைக்குப் பெயர்பெற்ற ஐக்கிய இராச்சியத்தில், அந்நாட்டின் சர்வகட்சிப் பாராளுமன்றக் குழுவொன்று 10,000 க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டி 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக 8 ஆண்டுகள் எடுப்பதாகக் கூறியது. 2024 ஆம் ஆண்டில் எண்டோமெற்றியோசிஸ் யூகே என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் அக்காலம் 8 ஆண்டுகளும் 10 மாதங்களுமாக நீண்டிருந்தது. பதினான்கு வயதில் தனது வலியை முதன்முதலாக எடுத்துச் சொன்ன சிறுமி, தன்னைப் பீடித்துள்ள நோயின் பெயரை இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில்தான் அறிந்துகொள்கிறாள் என்பதே இதன் பொருளாகும். இடைப்பட்ட காலத்தில் அவள் இழந்த கல்வியையும் தொழிலையும் மன அமைதியையும் எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இத்தாமதத்திற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும், இந்நோய் உடலினுள் எவ்வாறு இயங்குகின்றது என்பது பொதுமக்களுக்குத் தெரியாதிருப்பதே அவற்றுள் அடிப்படையானது என நாம் கருதுகின்றோம். நோயின் இயக்கம் விளங்கினால், அதைச் சுற்றி எம்மிடையே நிலவும் தவறான நம்பிக்கைகள் பலவும் தாமாகவே உதிர்ந்துவிடும். ஆகவே அதனை முதலில் நோக்குவோம்.

கருப்பையின் அகப்படலம் இரண்டு ஓமோன்களின் கட்டளைக்கு அடங்கி நடக்கும் ஓர் இழையம் ஆகும். மாதவிடாய்ச் சக்கரத்தின் முதற்பாதியில் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், அகப்படலத்தின் கலங்களைப் பெருகச் செய்து அதனைத் தடிப்பாக்குகின்றது. சூல் வெளியேறிய பின்னர், அது வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சட்சடலம் புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டாவது ஓமோனைச் சுரக்கின்றது. இந்த ஓமோன் ஈஸ்ட்ரோஜனின் வேகத்துக்குக் கடிவாளம் இடுகின்றது. கலங்கள் பெருகுவதை நிறுத்தி, கருவை ஏற்பதற்கேற்ற விதத்தில் அவற்றைப் பக்குவப்படுத்துகின்றது. கரு தங்காவிடின் புரோஜெஸ்ட்ரோனின் அளவு வீழ்ச்சியடைகின்றது. அப்போது புரொஸ்டகிளான்டின் எனப்படும் இரசாயனங்கள் பெருகி, கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்ய, அகப்படலம் உதிர்ந்து இரத்தத்துடன் வெளியேறுகின்றது. ஒவ்வொரு பெண்ணும் உணரும் சாதாரண மாதவிடாய் நோவுக்கு இந்தப் புரொஸ்டகிளான்டின்களே காரணமாகும்.

ஓமோன் என்பது இரத்தத்தில் செல்லும் ஒரு செய்தி மாத்திரமே. அச்செய்தியைப் பெற்றுக்கொள்வதற்குக் கலங்களினுள் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் இருத்தல் வேண்டும். ஓமோன் தனக்குரிய வாங்கியுடன் இணைந்த பின்னரே, எந்தப் பரம்பரையலகு செயற்பட வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டளை கலத்தினுள் பிறக்கின்றது. எனவே இரத்தத்தில் ஓமோனின் அளவு சரியாக இருந்தாலும், வாங்கி குறைபாடுடையதாயின் செய்தி சென்றடையாது. எண்டோமெற்றியோசிஸ் நோயை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் இங்கேதான் உள்ளது.

மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி பலோப்பியன் குழாய்களின் ஊடாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறையினுள் விழுவதாகவும், அதிலுள்ள அகப்படலக் கலங்கள் அங்கே வேரூன்றுவதாகவும் அமெரிக்க வைத்தியர் ஜோன் சம்சன் 1927 ஆம் ஆண்டில் விளக்கமளித்தார். இன்றுவரை பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் இதுவேயாகும். ஆயினும், இவ்வாறு இரத்தம் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களில் நிகழும் ஒன்றென்பது பின்னர் தெரியவந்தது. அவ்வாறாயின் அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மாத்திரம் ஏன் நோய் உண்டாகின்றது என்ற கேள்வி எழுந்தது. இழையம் சென்று சேர்ந்த இடத்தை மட்டுமன்றி, அந்த இழையத்தின் இயல்பையும் ஆராய வேண்டிய தேவை அதனால் ஏற்பட்டது.

அமெரிக்காவில் செர்தார் புலுன் என்ற பெண்ணோயியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து மேற்கொண்ட ஆய்வுகள் இவ்விடயத்தில் திருப்புமுனையாக அமைந்தன. ஆரோக்கியமான அகப்படலத்தில் ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்யும் அரோமற்றேஸ் என்ற நொதியம் காணப்படுவதில்லை. கருப்பைக்கு வெளியே வளரும் நோயுற்ற இழையத்திலோ அந்நொதியம் செயற்படுகின்றது. அதாவது, அந்த இழையம் சூலகத்தை மாத்திரம் நம்பியிராது, தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கின்றது. அவ்வாறு உருவாகும் ஈஸ்ட்ரோஜன் புரொஸ்டகிளான்டினைப் பெருக்குகின்றது. பெருகிய புரொஸ்டகிளான்டின் அரோமற்றேஸை மேலும் தூண்டுகின்றது. வளர்ச்சியும் அழற்சியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழற்சியே மாதந்தோறும் வலி தீவிரமடைவதற்கான காரணங்களுள் பிரதானமானது.

ஆரோக்கியமான உடலில் இச்சுழற்சியை அடக்க வேண்டியது புரோஜெஸ்ட்ரோனின் பணியாகும். வீரியமிக்க ஈஸ்ட்ரோஜனை வலுக்குன்றிய வடிவமாக மாற்றும் நொதியமொன்றை அது தூண்டிவிடுகின்றது. நோயுற்ற இழையத்தில் புரோஜெஸ்ட்ரோனுக்கான வாங்கிகள், குறிப்பாக பி வகை வாங்கிகள், மிகக் குறைந்தளவிலேயே காணப்படுகின்றன. அதேவேளை ஈஸ்ட்ரோஜன் வாங்கிகளுள் பீட்டா வகையானது வழமைக்கு மாறாகப் பெருகியிருக்கின்றது. இதன் விளைவாக, வளரச் சொல்லும் கட்டளை உரத்துக் கேட்கின்றது, நிறுத்தச் சொல்லும் கட்டளையோ காதில் விழுவதேயில்லை. புரோஜெஸ்ட்ரோன் எதிர்ப்பு நிலை என மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையேயாகும். இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத நிலை இரண்டாம் வகை நீரிழிவில் காணப்படுவதை வாசகர்கள் அறிவர். ஏறத்தாழ அதையொத்த நிலைமை என இதனைக் கூறலாம்.

இவற்றோடு, ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் நோயுற்ற இடங்களில் புதிய நரம்பு நுனிகளும் இரத்தக் குழாய்களும் முளைக்கின்றன. நிர்ப்பீடனக் கலங்கள் அங்கு திரண்டு அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. வலி பல ஆண்டுகள் தொடரும்போது, நரம்புத் தொகுதியே வலியைப் பெரிதாக உணரப் பழகிவிடுகின்றது. சிறிய புண்கள் மாத்திரம் உள்ள பெண் தாங்கொணா வேதனையில் துடிப்பதும், பெரிய கட்டியுள்ள மற்றொரு பெண் வலியே உணராதிருப்பதும் இதனாலேயே நிகழ்கின்றது. எனவே ஒரு பெண்ணின் வலி உண்மையானதா, பாசாங்கா என்பதைக் கட்டியின் அளவைக் கொண்டு தீர்மானிக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்த விஞ்ஞான விளக்கத்தின் வெளிச்சத்தில் எம்மிடையே வழங்கிவரும் சில பேச்சுக்களைப் பரிசீலித்துப் பார்ப்பது அவசியமாகின்றது.

முதலாவது, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று தாய் மகளுக்குக் கூறும் ஆறுதல். இவ்வார்த்தை அன்பினால் சொல்லப்படுவது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரட்டையர்களிடையே மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், இந்நோய்க்கான ஏதுநிலையில் ஏறத்தாழ அரைப்பங்கு பரம்பரைக் காரணிகளால் ஏற்படுவதாகக் காட்டியுள்ளன. தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருப்பின் பிள்ளைக்கும் அது ஏற்படும் சாத்தியம் அதிகமாகும். ஆகவே தாய்க்கும் அதே கடுமையான வலி இருந்தது என்பது, மகளுடைய வலி இயல்பானது என்பதற்கான சான்றாகாது. மாறாக, அப்பிள்ளையை விரைவாக வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்கான காரணமே அதுவாகும். அந்தத் தாயும்கூடத் தனது நோய் இன்னதென்று அறியாமலேயே காலத்தைக் கழித்தவராக இருக்கக்கூடும்.

இரண்டாவது, திருமணம் முடித்துப் பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அறிவுரை. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நின்று, புரோஜெஸ்ட்ரோன் பெருமளவில் சுரப்பதனால் சில பெண்களுக்கு வலி தற்காலிகமாகக் குறைவது உண்மைதான். ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதில்லை. இந்நோய்க்குச் சிகிச்சையாகக் கருத்தரிக்குமாறு பெண்களுக்கு ஆலோசனை வழங்கக்கூடாதென ஐரோப்பிய மனித இனப்பெருக்க மற்றும் கருவியல் சங்கம் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில் தெளிவாகவே கூறியுள்ளது. அதுமட்டுமன்றி, இந்நோயுள்ள பெண்களில் 30 முதல் 50 வீதமானோர் கருத்தரிப்பதில் சிரமத்தை எதிர்கொள்ளக்கூடும் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பிள்ளை பெற்றால் நோய் தீரும் என்று நம்பி மணமுடித்து வைக்கப்படும் பெண், அதே நோயினால் கருத்தரிக்கத் தாமதமாகும்போது மலடி என்ற பழிச்சொல்லையும் சுமக்க நேர்கின்றது. இதைவிடக் கொடுமையான முரண்பாடு வேறொன்று இருக்க முடியாது.

மூன்றாவது, திருமணமாகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா என்ற அதிர்ச்சி. கடுமையான மாதவிடாய் வலிக்கு வைத்தியர் ஒருவர் ஓமோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், அதனை வாங்காமலேயே வீடு திரும்பும் பெற்றோர் எமது இரு சமூகங்களிலும் உள்ளனர். மாத்திரை இருப்பது வெளியே தெரிந்தால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் அவர்களை ஆட்கொள்கின்றது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. ஆயினும், அம்மாத்திரையிலுள்ளவை மேலே விபரித்த அதே இரு ஓமோன்களின் செயற்கை வடிவங்களே என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். சூலகத்தின் ஓமோன் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தி, அகப்படலத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதே இங்கு அவற்றின் வேலை. பெட்டியில் அச்சிடப்பட்ட பெயரைப் பார்த்துப் பிள்ளையின் சிகிச்சையை மறுப்பது நியாயமாகாது. அதேபோல, மாத்திரையை நீட்டிவிட்டு மௌனமாக இருந்துவிடாது, அது ஏன் தரப்படுகின்றது என்பதைப் பிள்ளைக்கும் தாய்க்கும் விளங்கும் மொழியில் எடுத்துக்கூறுவது வைத்தியரின் கடமையாகும்.

நான்காவது, ஸ்கான் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை, ஆகவே நோயில்லை என்ற முடிவு. சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் சொக்லேட் கட்டிகளையும், ஆழமாக ஊடுருவிய நோயையும் அனுபவமுள்ளவர்கள் ஸ்கான் மூலம் கண்டறியலாம். வயிற்றறையின் உட்சுவரில் மேலோட்டமாகப் படர்ந்துள்ள புண்கள் பெரும்பாலும் அதில் தென்படுவதில்லை. திருமணமாகாத பெண்களுக்கு யோனி வழியான ஸ்கான் பொருத்தமற்றதாகக் கருதப்படும்போது, வயிற்றின் மேலாகச் செய்யப்படும் ஸ்கான், எம்.ஆர்.ஐ. போன்ற மாற்று வழிகள் உள்ளன. துளையிட்டுச் செய்யப்படும் லப்ரஸ்கோப்பி சத்திரசிகிச்சையின் மூலமே நோயை உறுதிப்படுத்த வேண்டும் என்ற பழைய நிலைப்பாட்டையும் மேற்படி ஐரோப்பிய வழிகாட்டல் தளர்த்தியுள்ளது. நோய்க்குறிகளைக் கவனமாகக் கேட்டறிந்து, சத்திரசிகிச்சைக்குக் காத்திராமலேயே மருந்துகளை ஆரம்பிக்க இன்று இடமுண்டு. கவனமாகக் கேட்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சிகிச்சையைப் பொறுத்தவரை மிகையான நம்பிக்கையூட்டவும் நாம் விரும்பவில்லை. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மெபனமிக் அமிலம், ஐபுபுரொபன் போன்ற வலிநிவாரணிகள் புரொஸ்டகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. டயனோஜெஸ்ட் போன்ற மருந்துகளும், கருப்பையினுள் பொருத்தப்படும் லெவோனோஜெஸ்ட்ரல் சாதனமும் புரோஜெஸ்ட்ரோனின் வேலையைச் செய்ய முனைகின்றன. ஆனால் அந்த ஓமோனுக்கே இழையம் எதிர்ப்புக் காட்டுவதனால், ஒரு பகுதிப் பெண்களுக்கு இவை போதிய பலனளிப்பதில்லை. அத்தகையோருக்கு மூளையிலிருந்து சூலகத்துக்குச் செல்லும் கட்டளையைத் தடைசெய்து ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன. இவ்வகையில் வாயினால் உட்கொள்ளக்கூடிய எலகோலிக்ஸ் 2018 ஆம் ஆண்டிலும், ரெலுகோலிக்ஸ் அடங்கிய கூட்டு மாத்திரை 2022 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்டன. 2025 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையும் ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரையை ஏற்றுக்கொண்டது. ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு மீறிக் குறைந்தால் எலும்புகள் பலவீனமடையும் என்பதனாலேயே, அம்மாத்திரையில் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனும் சேர்க்கப்பட்டுள்ளது.

இம்மருந்துகள் சூல் வெளியேறுவதைத் தடுப்பன ஆகையால், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு அவை உதவமாட்டா. அவருக்கான வழி வேறாகும். சத்திரசிகிச்சையினால் வலி குறைந்தாலும், நோய் மீண்டும் தலைகாட்டுவது அரிதல்ல. ஒவ்வொரு பெண்ணினதும் வயது, வலியின் தன்மை, பிள்ளைப்பேறு பற்றிய விருப்பம் ஆகியவற்றை அறிந்தே சிகிச்சை தீர்மானிக்கப்பட வேண்டும். தானாக மருந்தகத்தில் வாங்கி உட்கொள்ளும் விடயம் இதுவல்ல.

ஆராய்ச்சித் துறையிலும் எமது கவனத்துக்குரிய குறைபாடொன்று உள்ளது. இந்நோயின் பரம்பரைக் காரணிகள் பற்றி 2023 ஆம் ஆண்டில் வெளியான மிகப்பெரிய ஆய்வில் 60,000 க்கும் மேற்பட்ட நோயாளர்களின் தரவுகள் ஆராயப்பட்டு, நோயுடன் தொடர்புடைய 42 பரம்பரைப் பகுதிகள் இனங்காணப்பட்டன. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற ஏனைய வலிகளுடனும் இந்நோய்க்குப் பரம்பரைத் தொடர்பிருப்பதை அந்த ஆய்வு வெளிப்படுத்தியது. ஆயினும் அதில் உள்ளடங்கியோர் ஐரோப்பிய, கிழக்கு ஆசிய வம்சாவளியினரே. உலகப் பெண்களில் மிகப்பெரும் பகுதியினரான தெற்காசியப் பெண்கள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எமது பெண்களின் வலி வீட்டில் சொல்லப்படாமலும், வைத்தியசாலையில் பதியப்படாமலும் போகுமாயின், நாளைய மருந்துகளை உருவாக்கும் ஆய்வுகளிலும் அது எண்ணப்படாமலேயே போகும்.

சில நாடுகள் இவ்விடயத்தில் விழித்துக்கொண்டுள்ளன. அவுஸ்திரேலியாவின் அப்போதைய சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட், இந்நோயாளர்கள் நீண்டகாலம் புறக்கணிக்கப்பட்டமைக்காக 2017 ஆம் ஆண்டின் இறுதியில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அடுத்த ஆண்டிலேயே எண்டோமெற்றியோசிஸ் நோய்க்கான தேசிய செயற்றிட்டம் அங்கு வெளியிடப்பட்டது. பின்னர் இந்நோய்க்கென விசேட சிகிச்சை நிலையங்களும் நிறுவப்பட்டன. பிரான்ஸ் ஜனாதிபதி இம்மானுவேல் மக்ரோன் 2022 ஜனவரியில் இந்நோய்க்கான தேசிய மூலோபாயத்தை அறிவித்து, இது பெண்களுடைய பிரச்சினை மட்டுமல்ல, முழுச் சமூகத்தினதும் பிரச்சினை என எடுத்துரைத்தார். இம்மாற்றங்கள் அரசுகளின் கருணையால் வந்தவையல்ல. பாதிக்கப்பட்ட பெண்கள் வெட்கத்தை விட்டு வெளியே வந்து பேசியதன் பலனாகவே அவை கிட்டின.

எமது நாட்டின் நிலைமையை நோக்குவோமாயின், புதிதாக எதனையும் கட்டியெழுப்ப வேண்டிய அவசியம் இல்லை என்பது புலப்படும். தாய் சேய் நலத்தில் இலங்கை ஈட்டியுள்ள சாதனை உலகறிந்தது. கிராமம் தோறும் குடும்பநல உத்தியோகத்தர்கள் உள்ளனர். 1996 ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்கி வருகின்றன. ஆனால் இவற்றின் பார்வை கர்ப்பிணியின் மீதும், 35 வயதை எட்டிய பெண்ணின் மீதுமே பிரதானமாகப் பதிந்துள்ளது. சுகவனிதையர் நிலையங்கள் மார்பக, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களையும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றையும் ஆரம்பத்திலேயே கண்டறிவதற்காக அமைக்கப்பட்டவை. பருவமடைந்த நாள் முதல் முதற் கர்ப்பம் வரையிலான காலப்பகுதி இந்த அமைப்பில் பெரும் இடைவெளியாகவே உள்ளது. எண்டோமெற்றியோசிஸ் வேர் விடுவதோ பெரும்பாலும் அந்த இடைவெளியிலாகும்.

இவ்விடைவெளியை நிரப்பப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை சிறந்த வாய்ப்பாகும். தரம் 7 இலும் தரம் 10 இலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் மாணவிகளைப் பரிசோதிக்கின்றனர். மாதவிடாய் வலியினால் பாடசாலைக்கு வராமல் இருந்ததுண்டா, வலிநிவாரணிக்கும் அந்த வலி அடங்காதிருந்ததுண்டா, தாய்க்கோ சகோதரிக்கோ இவ்வாறான வலி உண்டா என்ற மூன்று கேள்விகளைத் தனிமையில், பெண் உத்தியோகத்தர் ஒருவர், பிள்ளையின் தாய்மொழியில் கேட்பதற்கு ஐந்து நிமிடங்கள் போதுமானவை. ஆமெனப் பதிலளிக்கும் பிள்ளையைப் பெண்ணோயியல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி வைப்பதற்கான ஒழுங்கையும் சுகாதார அமைச்சு அத்துடன் செய்ய வேண்டும். தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் இக்கேள்விகள் தமிழில் கேட்கப்படுவதை உறுதிசெய்வதும் அவசியமாகும். வலியை விபரிக்க வேண்டிய இடத்தில் மொழி தடையாக நின்றால் நோய் கண்டறியப்படப் போவதில்லை.

தொழிலிடங்களும் சிந்திக்க வேண்டும். சுதந்திர வர்த்தக வலயங்களிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரு நாள் வராவிட்டாலும் வருகைக் கொடுப்பனவை இழக்க நேரிடும் என்ற அச்சம் யுவதிகளிடையே உள்ளது. பெருந்தோட்டங்களில் வேலைக்குச் சென்றால் மாத்திரமே நாட்சம்பளம். இத்தகைய சூழலில் ஒரு பெண் தனது வலியை விழுங்கிக்கொண்டு இயந்திரத்தின் முன்னும் தேயிலைச் செடிகளின் நடுவிலும் நிற்கின்றாள். வைத்தியரால் உறுதிப்படுத்தப்பட்ட நோயின் நிமித்தம் விடுப்பெடுக்கும் பெண்ணின் கொடுப்பனவை வெட்டாதிருப்பது குறித்துத் தொழில் அமைச்சும் தொழிற்சங்கங்களும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

மதத் தலைவர்களுக்கும் இதில் பங்குண்டு. இஸ்லாமியச் சட்ட நூல்கள், வழமையான மாதவிடாயான ஹைழையும், அதற்குப் புறம்பான உதிரப்போக்கான இஸ்திஹாழாவையும் வேறுபடுத்தி விரிவாக ஆராய்கின்றன. இதுபற்றிப் பெண்கள் நபிகளாரிடம் நேரடியாகவே வினவியமை ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வெட்கமின்றிக் கேட்கவும் தெளிவாகப் பதிலளிக்கவும் முடிந்த விடயத்தை, இன்று பேசக்கூடாத விடயமாக்குவதற்கு மார்க்கம் காரணமாக முடியாது. தமிழ்ச் சமூகத்தில் சாமத்தியச் சடங்குக்குச் செலவிடும் பணத்திலும் நேரத்திலும் ஒரு சிறு பகுதியை, பிள்ளையின் மாதவிடாய் ஆரோக்கியம் பற்றித் தாயும் மகளும் வைத்தியர் ஒருவரிடம் கலந்துரையாடுவதற்கு ஒதுக்கினால், ஆரத்தியைவிட அது அப்பிள்ளைக்கு அதிக நன்மை பயக்கும்.

இறுதியாகத் தந்தையரையும் சகோதரரையும் கணவரையும் நோக்கி ஒரு வார்த்தை. இது பெண்கள் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய விடயம் என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்வதே இம்மௌனத்தின் பெரும் பலமாக உள்ளது. வைத்தியரிடம் செல்வதற்கான பணமும் வாகனமும் தீர்மானமும் பல வீடுகளில் ஆண்களின் கைகளிலேயே தங்கியுள்ளன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் வைத்தியசாலைக்கு விரையும் தந்தை, மாதந்தோறும் அதே பிள்ளை இரண்டு மூன்று நாட்கள் எழ முடியாமல் கிடப்பதை அறிந்தும் அறியாதவர் போல் இருக்க எந்த நியாயமும் இல்லை.

கருப்பைக்கு வெளியே வளரும் இழையம் ஓமோனின் செய்தியைச் சரிவரப் பெற்றுக்கொள்ளாதது உயிரியல் சார்ந்த குறைபாடு. அதற்கு மருத்துவம் வழிதேடிக் கொண்டிருக்கின்றது. ஆனால், வலிக்கின்றது என்று பிள்ளை சொல்லும் செய்தியை வீடும் பாடசாலையும் வைத்தியசாலையும் பெற்றுக்கொள்ளாதிருப்பது நாமாக ஏற்படுத்திக்கொண்ட குறைபாடாகும். அதனை நீக்குவதற்குப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. சுகாதார, கல்வி அமைச்சுக்கள் இவ்விடயத்தில் உரிய கவனத்தைச் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். அதுவரை காத்திராது, அடுத்த மாதம் தமது பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது, எவ்வளவு வலிக்கின்றது என்று கேட்டு, அவள் சொல்வதை நம்பி, வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஒவ்வொரு பெற்றோரும் முன்வர வேண்டும்.